உட்கார்தலும் குதித்தலும்: *வ்-ஃத்-ப் என்ற செமித்திய வேரைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எபிரேயம், அரபு முதலியவை அடங்கிய செமித்திய மொழிக்குடும்பத்தை ஒப்பிட்டுப் படிக்கும் முதுகலை வகுப்பு ஒன்றில் இரண்டு மாணவர்களுக்கு ஒரே வினைவேர் பயிற்சியாகக் கொடுக்கப்பட்டது. எபிரேயத்தில் யாஷப் என்றால் 'உட்கார்ந்தான், குடியிருந்தான்'. இதன் மூலச் செமித்திய வடிவத்தை, அதாவது இந்த மொழிகள் பிரிவதற்கு முன்பிருந்த வடிவத்தை, மீட்டுருவாக்க வேண்டும். கிளை மொழிகள் ஒவ்வொன்றிலும் அதன் உறவுச்சொல் (அதே மூலத்திலிருந்து வந்த சொல்) எது, அதற்குச் சான்று என்ன, அந்தச் சான்று எவ்வளவு உறுதியானது என்று வகுப்பின் வேரகராதியில் பதியவும் வேண்டும். ஒரு மாணவருக்கு எபிரேயமும் அரமேயமும் (பழங்காலச் சிரியப் பகுதியின் மொழி) பழக்கம். மற்றவருக்கு அரபு நன்றாக வரும், அக்காதியம் (பழைய பாபிலோனியா, அசீரியாவின் மொழி) தொடக்கநிலை. உகாரித்து (பழைய வட சிரிய நகர மொழி), சபாயிக் (பழைய தென் அரேபியக் கல்வெட்டு மொழி), கீஸ் (எத்தியோப்பியாவின் பழைய மொழி) ஆகிய மூன்றுக்கும் இருவரும் அகராதிகளையே நம்ப வேண்டியிருந்தது.

பார்வைக்கு எளிய வேர். எபிரேய விவிலியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வருவது. ஆனால் ஒப்பியல் முறை தடுமாறக்கூடிய இடங்கள் அத்தனையும் இந்த ஒரே வேரில் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒலிகளைத் தமிழில் எழுதும் முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். 'ஃத' என்பது நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்துக் காற்றை விட்டு ஒலிப்பது. அரபின் நான்காம் எழுத்து. 'த' நம் 'தலை'யில் வருவது; யெலெத்–வலத், *வ்-ர்-த் ஆகியவற்றில் மட்டும் 'பந்து' என்பதில் ஒலிப்பது. 'ஷ', 'ஸ' வழக்கம்போல. வேரில் வரும் 'ப' எங்கும் 'கம்பம்' என்பதில் மகரத்தை அடுத்து ஒலிக்கும் பகரம். வ்-ஃத்-ப் என்பதுபோல எழுதியவை வேரின் மூன்று மெய்கள்; உயிர்கள் வடிவத்துக்கு வடிவம் மாறும். உடுக்குறி (*) இட்ட வடிவம் எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, மீட்டுருவாக்கியது.

முதல் அட்டவணையும் அதிலிருந்த பிழையும்

மாணவர்கள் தொடங்கியது எபிரேய–அரபு இணையிலிருந்து. ஷாலோம்–ஸலாம், ஷேம்–இஸ்ம் ('பெயர்') போன்ற சொற்களைப் பார்த்தவர் எவரும் எபிரேய ஷகரத்துக்கு அரபில் ஸகரம் என்று எடுத்துக்கொள்வர். சொல்லின் முதலில் வரும் எபிரேய யகரத்துக்கு அரபில் பல இடங்களில் வகரம் வரும் (யெலெத்–வலத், 'பிள்ளை') என்பதும் அவர்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து அரபில் வ்-ஸ்-ப் என்ற வேரைத் தேடினார்கள். அப்படி ஒரு வேர் இருக்கிறது. நிலத்தில் புல் அடர்ந்து வளர்வதைக் குறிப்பது. 'புல் நிலைகொள்வது, மனிதர் குடியிருப்பது' என்று ஒரு பொருள்வழியும் எழுதி முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள்.

இங்கே பிழை பொருளில் இல்லை, ஒலியில் இருக்கிறது. எபிரேய ஷகரத்தில் *ஷ, *ஃத என்ற இரண்டு மூல ஒலிகள் கலந்திருக்கின்றன. அரபு இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: முதலாவது ஸ ஆயிற்று, இரண்டாவது ஃத ஆகவே நின்றது. ஷாலோம் முதல் வகை. 'காளை' இரண்டாம் வகை: எபிரேயம் ஷோர், அரமேயம் தோரா, அரபு ஃதவ்ர், அக்காதியம் ஷூரு, கீஸ் ஸோர். 'எட்டு' என்ற எண்ணும் அப்படியே: எபிரேயம் ஷ்மோனே, அரமேயம் தமான்யா, அரபு ஃதமானியா, கீஸ் ஸமானி. பால்–ஹாலு, பத்து–ஹத்து, பள்ளி–ஹள்ளி என்று தமிழ்ப் பகரத்துக்குக் கன்னடத்தில் ஹகரம் வரிசையாக வருவதைக் கவனித்தவருக்கு இது புதிதல்ல. ஒன்றிரண்டு சொல் ஒத்துப்போவது பொருட்டல்ல. ஒரே ஒலி ஒரே சூழலில் தவறாமல் மாறுவதுதான் சான்று.

எபிரேயத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஷகரம் எந்த மூலத்தது என்று சொல்ல முடியாது. அக்காதியம் இன்னும் மோசம். அதில் *ஷ, *ஃத ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு மூல ஒலியும் சேர்ந்து ஒரே ஷகரமாகிவிட்டது. அரமேயத்திலோ *ஃத தகரத்தோடு கலந்தது. ஆக, அரமேயத் தகரம் மூலத் தகரமாகவும் இருக்கலாம், மூல *ஃத ஆகவும் இருக்கலாம். ஆனால் எபிரேயத்தில் ஷ, அதே சொல்லில் அரமேயத்தில் த என்று வந்தால் இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று: *ஃத. அரமேய வினை ய்-த்-ப். விவிலியத்தின் தானியேல் நூலில் ஏழாம் அதிகாரத்தில், அரமேய மொழிப் பகுதியில், 'நீண்ட ஆயுள் உள்ளவர் உட்கார்ந்தார்' என்னும் இடத்தில் வருவது யதிப். இந்த ஒரு சொல்லே வ்-ஸ்-ப் பதிவை நீக்கப் போதுமானது.

முடிவு: அரபு வ்-ஸ்-ப் நீக்கப்பட்டது. அந்த இடத்தில் வ்-ஃத்-ப். இதோடு புதிய சிக்கல் ஒன்று வந்தது. அரபில் வஃதப என்றால் 'குதித்தான்'.

உகாரித்தில் தொலைந்த கோடு

அதற்குள் இன்னொரு பிழை கண்ணில் பட்டது. அட்டவணையில் உகாரித்து வடிவம் ய்-த்-ப் என்று இருந்தது, அரமேயத்தைப் போலவே. இதை வைத்து, *ஃத தகரமாகும் மாற்றம் உகாரித்திலும் நிகழ்ந்தது, ஆகவே உகாரித்தும் அரமேயமும் ஒரே கிளையின் நெருங்கிய உறவினர் என்று ஒரு பத்தியும் எழுதப்பட்டிருந்தது.

காரணம் மொழியில் இல்லை, கோப்பில் இருந்தது. உகாரித்தை ரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது ஃத ஒலிக்குக் கீழே கோடிட்ட தகர எழுத்தை இடுவது மரபு. மின்கோப்பிலிருந்து அட்டவணைக்கு நகலெடுத்தபோது கீழ்க்கோடு உதிர்ந்து வெறும் தகரம் மிஞ்சியது. உகாரித்தின் 30 ஆப்பு எழுத்துகளில் ஃத, த, ஷ மூன்றுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அச்சிட்ட பதிப்பில் பார்த்தபோது வடிவம் தெளிவாக ய்-ஃத்-ப். புயல் தெய்வம் பாகாலைப் பற்றிய உகாரித்துக் காவியத்தில் பாகாலின் மறைவைக் கேட்ட ஏல் தெய்வம் அரியணையை விட்டு இறங்கிப் பாதபீடத்தில் உட்காருகிறார், பிறகு பாதபீடத்தை விட்டுத் தரையில் உட்காருகிறார். இரண்டு இடத்திலும் இதே வினை.

கிளை உறவைப் பற்றிய அந்தப் பத்தி முழுவதும் நீக்கப்பட்டது. ஒற்றை ஒலிக்குறி போனதால் ஒரு மொழி வேறு குடும்பக் கிளைக்கு நகர்ந்திருக்கும். இத்தகைய வேலையில் அடிக்கடி நேர்கிற, எளிதில் கண்ணுக்குத் தப்புகிற பிழை இது.

அக்காதியத்தில் வகரம்

அக்காதிய வடிவம் தேடியவர் சிகாகோ அசீரிய அகராதி என்னும் அக்காதிய அகராதியில் வகரத்தின் கீழ் முழுப் பதிவைக் காணவில்லை. அங்கே அது அஷாபு என்று அகரத்தின் கீழ் இருக்கிறது. பழைய பாபிலோனியக் காலம்வரை வஷாபும் என்று இருந்தது, ஏறத்தாழ கி.மு. 1600க்குப் பிறகு சொல்முதல் வகரமும் ஈற்று மகரமும் தேய்ந்தன. அந்த அகராதி பிற்கால வடிவத்தைத் தலைச்சொல்லாக வைப்பது. ஜெர்மானிய அகராதியோ பழைய வடிவத்தை வைப்பது. எது எந்த வரிசை என்று தெரியாமல் தேடினால் 'அக்காதியத்தில் இல்லை' என்று எழுதிவிட நேரும்.

இந்த வகரம் முக்கியம். உகாரித்து, எபிரேயம், அரமேயம் மூன்றிலும் சொல்முதல் வகரம் யகரமாகிவிட்டது. அக்காதியத்திலும் அரபிலும் சபாயிக்கிலும் வகரம். அக்காதியம் கிழக்குக் கிளை, மற்றவை மேற்குக் கிளை. இரண்டு கிளைகளிலும் வகரம் இருப்பதால் மூலம் வகரமே; யகரம் வடமேற்கு மொழிகளின் பொதுப் புதுமை.

'குதி' என்ற பொருள்: மூன்று வழிகள்

இப்போது ஒலி ஒத்துப்போகிறது, பொருள் ஒத்துப்போகவில்லை. உட்கார்தலும் குதித்தலும் எதிரெதிர்ச் செயல்கள் போலவே இருக்கின்றன. ஆசிரியர் மூன்று வழிகளை முன்வைத்து ஒவ்வொன்றுக்கும் எந்தச் சான்று தேவைப்படும் என்று கேட்டார்.

முதல் வழி, அரபுச் சொல் தனி வேர், தற்செயலாக ஒரே ஒலி. இதை ஏற்க, 'குதி' என்ற பொருளில் இதே மூன்று மெய்கள் வேறு ஏதேனும் ஒரு கிளையிலாவது கிடைக்க வேண்டும். மாணவர்கள் பார்த்த மொழிகளில் கிடைக்கவில்லை. இரண்டாவது, 'குதி'தான் மூலப்பொருள், மற்றவை மாறின. இதற்கு அக்காதியம், உகாரித்து, கானானியம் (எபிரேயமும் பினீசியமும் சேர்ந்த கிளை), அரமேயம், சபாயிக் அத்தனையும் தனித்தனியே ஒரே திசையில் மாறியிருக்க வேண்டும், நம்பத்தக்கதல்ல. மூன்றாவது, 'உட்கார்' மூலம், அரபு மட்டும் மாறியது.

மூன்றாவது வழிக்கு அரபு அகராதியாளர்களே ஒரு சான்று தருகிறார்கள். வஃதப என்றால் ஹிம்யர் (ஏமனின் பழைய அரசு) மொழியில் 'உட்கார்ந்தான்' என்றும், விஃதாப் என்றால் 'இருக்கை, படுக்கை' என்றும் இடைக்கால அகராதிகள் குறித்திருக்கின்றன. கூடவே ஒரு கதையும் உண்டு. வடக்கிலிருந்து வந்த அரபு ஒருவர் ஏமனின் ஸஃபார் நகரில் உயரமான இடத்தில் வீற்றிருந்த ஹிம்யர் மன்னரைக் காணச் செல்கிறார். மன்னர் 'ஃதிப்' என்கிறார். உட்காரச் சொன்னதைக் குதிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் கீழே குதித்து இறந்துபோகிறார். ஸஃபாருக்குள் வருகிறவர் ஹிம்யர் மொழி பேசட்டும் என்று மன்னர் சொன்னதாக முடிகிறது.

இந்தக் கதையைச் சான்றாகச் சேர்ப்பதா என்பதில் மாணவர்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு. எடுத்த முடிவு சரியானது என்றே நினைக்கிறோம்: கதை நிகழ்ந்ததா என்பதைப் பதிவு சார்ந்திருக்கக் கூடாது, ஆனால் அகராதியாளர்கள் தரும் பொருள்குறிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் தென் அரேபியக் கல்வெட்டுகளின் சபாயிக்கில் வ்-ஃத்-ப் 'உட்கார்' என்ற பொருளில் தனியே சான்றுபெற்றிருக்கிறது. கதை அடிக்குறிப்புக்குப் போனது.

அரபில் பொருள் எப்படி மாறியது? குந்தியிருந்து எழும்பிப் பாய்வது என்ற இடைநிலை ஒரு சாத்தியம். வஃதப வினை 'மேல் பாய்ந்தான்' என்ற பொருளிலும் வழங்குவது அதற்கு ஒத்தாசை. இதை நிறுவ எழுத்துச் சான்று இல்லாததால் 'கருதுகோள்' என்று குறியிடப்பட்டது. அரபு இப்படிப் பொருளை நகர்த்துவதற்குப் பக்கத்திலேயே ஓர் இணை கிடைத்தது: *வ்-ர்-த். அக்காதியம், எபிரேயம், உகாரித்து, கீஸ் எல்லாவற்றிலும் 'இறங்கு'. அரபு வரத மட்டும் 'நீர்த்துறைக்கு வந்தான்', அதிலிருந்து 'வந்து சேர்ந்தான்'.

'உட்கார்' என்பதிலிருந்து 'குடியிரு' வருவதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் 'இருங்கோ' என்றால் உட்காரச் சொல்வது, 'எங்க இருக்கிறியள்' என்றால் வசிக்கும் இடம் கேட்பது.

முடிவைத் தந்த வடிவம்: ஏவல்

ஒலியும் பொருளும் வாதத்துக்கு இடம் வைத்திருந்தன. வாதத்தை முடித்தது சொல்லின் உருவம். அதுவரை அட்டவணையில் இறந்தகாலப் படர்க்கை வடிவம் மட்டுமே இருந்தது. அகராதிகள் தலைச்சொல்லாகத் தருவது பெரும்பாலும் அதைத்தான். ஏவல் வடிவங்களையும் எழுதும்படி ஆசிரியர் சொன்னார். கிடைத்தவை இவை:

அக்காதியம்: ஷிப்
எபிரேயம்: ஷேப்
சுரியானி (அரமேயத்தின் பிற்கால வடிவம்): தெப்
அரபு: ஃதிப்

நான்கிலும் முதல் மெய்யைக் காணோம். நான்கிலும் இகரம் அல்லது அதிலிருந்து முறைப்படி வந்த எகர, ஏகாரம். இடையிலுள்ள மெய் ஒலிவிதி சொல்வதுபோலவே ஷ, ஷ, த, ஃத. ஆக *ஃதிப் என்ற ஏவலையே நேரடியாக மீட்டுருவாக்கலாம்.

இது ஏன் வலுவான சான்று? வகரத்தில் தொடங்கும் வேர் எல்லாமே இப்படி வகரத்தை விடுவதில்லை. அரபில் வஜில ('அஞ்சினான்') நிகழ்காலத்தில் யவ்ஜலு, வகரம் நிற்கிறது. வஃதப நிகழ்காலத்தில் யஃதிபு, வகரம் இல்லை. இகர உயிர் ஏற்று வகரம் விடும் வகுப்பில் ஒரு வேர் இருப்பது அந்தந்த வேரின் தனிப்பண்பு. 'குதி' என்று பொருள்படும் அரபு வினை, பாபிலோனில் 'உட்கார்' என்று பொருள்பட்ட வினையோடு இந்தத் தனிப்பண்பிலும் ஒத்துப்போகிறது. இந்த வகுப்பில் வேறு வேர்களும் உண்டு (*வ்-ர்-த் ஏவல்: அக்காதியம் ரித், எபிரேயம் ரேத், அரபு ரித்), எனவே இது தனியே போதாது, ஒலியோடு சேர்ந்தால் போதும். அரபுச் சொல்லின் உறவு 'ஐயம்' என்ற நிலையிலிருந்து 'உறுதி, பொருள்வழி கருதுகோள்' என்ற நிலைக்கு உயர்ந்தது.

அரமேயத்தில் ஒரே ஒலிக்கு மூன்று எழுத்து

அரமேயத்தின் தகரத்தைப் பதிந்த பிறகு பழைய கல்வெட்டுகளில் அதைச் சரிபார்க்கப் போனவர் குழம்பித் திரும்பினார். பழைய அரமேயத்தில் இந்த ஒலியுள்ள சொற்களில் பொதுவாக ஷகரமே எழுதப்பட்டிருக்கிறது. அவை கானானியக் கடன்சொற்களோ என்று கேள்வி எழுந்தது.

விடை வட சிரியாவின் தெல் ஃபெகெரியேயில் 1979இல் கிடைத்த சிலையில் இருக்கிறது. கி.மு. 9ஆம் நூற்றாண்டுச் சிற்றரசர் ஒருவரின் சிலை. அங்கியின் மேல் ஒரே வாசகம் அக்காதியத்திலும் அரமேயத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. புயல் தெய்வத்துக்குரிய அடைமொழிகளில் ஒன்று 'இன்ன ஊரில் உறைபவர்'. அக்காதியப் பகுதியில் ஆஷிப் என்று வினையாலணையும் பெயர், அடுத்து குஸானா நகரின் பெயர். அரமேயப் பகுதியில் அதே இடத்தில் ய்-ஸ்-ப், அடுத்து சிகான் நகரின் பெயர். ஷகரமும் இல்லை, தகரமும் இல்லை, ஸகரம்.

அரமேயர் கடன்வாங்கிய பினீசிய எழுத்து 22 குறிகள் கொண்டது. அதில் ஃத ஒலிக்கு எழுத்து கிடையாது. ஒலி உயிரோடு இருந்தது, எழுத்து இல்லை. ஓர் ஊர் எழுத்தர் நெருங்கிய எழுத்தாக ஷகரத்தை எடுத்தார், தெல் ஃபெகெரியே எழுத்தர் ஸகரத்தை எடுத்தார். பிறகு பேச்சில் ஃத தகரமாகவே ஆனபோது எழுத்தும் தகரமாயிற்று. ஆகவே மூன்று எழுத்துகள் மூன்று ஒலிகள் அல்ல. பழைய அரமேயத்தில் ஃத இன்னும் ஒலித்தது என்பதற்கு இந்தத் தடுமாற்றமே சான்று. இரண்டு கிளைகளின் உறவுச்சொற்கள் பழங்காலத்தவர் கையாலேயே ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாக ஒரே கல்லில் நிற்பது அபூர்வம். பதிவில் இதற்கு முதலிடம் தரப்பட்டது.

பிற்காலத்துக்கு யூதக் கல்விக்கூடத்தின் பெயரே எடுத்துக்காட்டாயிற்று. எபிரேயத்தில் யெஷிவா, பாபிலோனிய யூதரின் அரமேயத்தில் மெதீவ்தா. இரண்டும் இதே வேர், ஒன்றில் ஷ, மற்றதில் த. உயிருக்குப் பின் வரும் பகரம் வகரமாக ஒலிப்பதால் இன்றைய எபிரேயத்தில் மோஷாவ் (கூட்டுறவுக் குடியேற்றம்) என்று கேட்கிறது.

கீஸ்: 'மணந்தான்'

எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் 'உட்கார்' என்பதற்கு நபர என்ற வேறு வினை வந்துவிட்டது. வ்-ஸ்-ப் அடிப்படை வடிவில் இல்லை. அவ்ஸப என்ற பிறவினை மட்டும் இருக்கிறது, பொருள் 'மணந்துகொண்டான்'. ஒலி சரி (*ஃத கீஸில் ஸ). பொருள் தொலைவு என்று மாணவர்கள் முதலில் விட்டுவிட்டார்கள்.

மீண்டும் சேர்த்ததற்குக் காரணம் விவிலியத்தின் எஸ்றா நூலில் பத்தாம் அதிகாரம். அந்நியப் பெண்களை மணந்ததாக மக்கள் ஒப்புக்கொள்ளும் இடங்களில் எபிரேயம் இதே வேரின் பிறவினையை, 'குடியமர்த்தினோம்' என்ற வடிவத்தை, 'மணந்தோம்' என்ற பொருளில் ஆள்கிறது. மனைவியை வீட்டில் குடியமர்த்துவது மணப்பது. பொருள்வழி வேறொரு மொழியில் கண்கூடாக இருக்கிறது. ஆனாலும் அடிப்படை வினை கீஸில் இல்லாததால் 'ஏற்கத்தக்கது' என்ற இரண்டாம் தரம்தான் தரப்பட்டது. அது போதும்.

விளைவு

இறுதிப் பதிவு: *வ்-ஃத்-ப், 'உட்கார், குடியமர்', ஏவல் *ஃதிப். அக்காதியம், உகாரித்து, எபிரேயம், அரமேயம், சபாயிக் ஐந்தும் ஒலியிலும் பொருளிலும் உறுதி. பினீசியமும் உண்டு: கி.மு. 9ஆம் நூற்றாண்டின் சிற்றரசர் கிலமுவாவின் கல்வெட்டில் 'என் தந்தையின் அரியணையில் அமர்ந்தேன்' என்னும் இடத்தில் ய்-ஷ்-ப். அரபு வடிவில் உறுதி, பொருளில் கருதுகோள். கீஸ் ஏற்கத்தக்கது.

பதிவு முடிந்து சரிபார்க்கையில் எபிரேய மேற்கோள்களில் சில நீக்க வேண்டியதாயிற்று. உயிர்க்குறி இல்லாத எழுத்தில் 'உட்கார்ந்தான்' என்ற வய்யேஷெப், 'திரும்பினான்' என்ற வய்யாஷொப் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இரண்டாவது *ஃத்-வ்-ப் என்ற தனி வேர். அரபில் ஃதாப 'திரும்பினான்', அதன் வழியே தமிழ் முஸ்லிம்கள் நன்மைப்பேறு என்ற பொருளில் சொல்லும் ஸவாபு. இரண்டு வேரிலும் *ஃத இருப்பதால் ஒலிச் சோதனை இந்தக் கலப்பைப் பிடிக்காது. உயிர்க்குறியிட்ட பதிப்பில் ஒவ்வொரு மேற்கோளையும் பார்ப்பது ஒன்றே வழி.

அடுத்த வேருக்கு மாற்றியவை

வேலைமுறை அடுத்த வேரான *வ்-ர்-த் தொடங்கும்போது மாற்றப்பட்டது. சொல் தேடுவதற்கு முன்பே ஒலியிணை அட்டவணை எழுதப்படுகிறது. எபிரேயத்தில் ஷகரம் கண்டால் அரமேயமும் உகாரித்தும் பார்க்காமல் அரபுக்குப் போவதில்லை. ஒலிக்குறிகள் நகலெடுக்கப்படுவதில்லை, அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்து மற்றவர் சரிபார்க்கிறார். ஒவ்வொரு மொழிக்கும் இறந்தகாலம், நிகழ்காலம், ஏவல், பிறவினை என நான்கு கட்டங்கள் கட்டாயம். கிடைக்காத கட்டம் வெற்றாக விடப்படுகிறது, ஊகித்து நிரப்பப்படுவதில்லை. கல்வெட்டு வடிவம் என்றால் நூற்றாண்டும் இடமும் சேர்த்தே எழுதப்படுகிறது. வடிவத்துக்கு ஒரு தரம், பொருளுக்கு ஒரு தரம் என்று தனித்தனியே இடுகிறார்கள். முன்பு ஒரே தரம் இட்டதால்தான் அரபுச் சொல் நெடுநாள் 'ஐயம்' என்ற பெட்டியில் கிடந்தது.

சபாயிக் மட்டும் இன்னும் அகராதி வழியாகவே நிற்கிறது. கல்வெட்டு வாசகத்தோடு ஒப்பிட அந்த மொழி தெரிந்தவர் ஒருவரிடம் பதிவு அனுப்பப்பட்டிருக்கிறது.